அறை ஹீட்டர்: பில் எவ்வளவு ஏறும், குளிர் எவ்வளவு குறையும்?

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளக்கைச் செருகி, வேண்டிய இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போகக்கூடிய மின்சார ஹீட்டர்களைப் பற்றியது இந்தப் பக்கம். செலவை யூனிட் கணக்கிலேயே சொல்லியிருக்கிறேன். உங்கள் பில்லில் ஒரு யூனிட்டுக்கு என்ன விலையோ, அதால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

ஒரு மணி நேரம் ஓடினால் எவ்வளவு மின்சாரம் இழுக்கும்?

ஹீட்டரின் பின்புறத்திலோ அடியிலோ ஒரு சிறிய தகடு ஒட்டியிருக்கும். அதில் போட்டிருக்கும் வாட்டை 1000ஆல் வகுத்தால் ஒரு மணி நேரத்துக்கான யூனிட் வந்துவிடும். 2000 வாட் ஹீட்டர் என்றால் 2 யூனிட், 800 வாட் என்றால் 0.8 யூனிட். 2000 வாட் ஹீட்டரைத் தினமும் 4 மணி நேரம் நிறுத்தாமல் ஓட்டினால் 30 நாளில் 240 யூனிட். இந்த எண்ணைப் பார்த்ததுமே பலருக்குக் குளிர் விட்டுப்போகும்.

இது உச்சக் கணக்கு. தெர்மோஸ்டாட் உள்ள ஹீட்டர், அறை சூடேறியதும் தானாக நின்று, குளிர்ந்ததும் மறுபடி ஓடத் தொடங்கும். பாதி நேரம்தான் ஓடுகிறது என்றால் 240 என்பது 120 ஆகிவிடும். எவ்வளவு நேரம் நின்று இளைப்பாறும் என்பதை உங்கள் அறைதான் தீர்மானிக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பயன்பாடு கூடக் கூட யூனிட் விலையும் படிப்படியாக ஏறும் கட்டண முறை உங்களுக்கு இருந்தால், சராசரி விலையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். விளக்கு, ஃபிரிட்ஜ் எல்லாம் எப்படியும் ஓடப்போகின்றன. ஹீட்டரின் யூனிட்டுகள் அவற்றின் மேல் போய் உட்காருகின்றன. ஆகவே அவற்றுக்கு உங்கள் பில்லின் மேல்படி விலைதான் பொருந்தும்.

ஆயில், செராமிக், ஹாலஜன்… எந்த வகை மின்சாரத்தை மிச்சப்படுத்தும்?

எதுவும் இல்லை. கடைக்காரர் என்ன சொன்னாலும் சரி.

கம்பியில் மின்சாரம் ஓடும்போது எழும் வெப்பத்துக்கு 1840களின் தொடக்கத்திலேயே ஜேம்ஸ் ஜூல் விதி வகுத்துவிட்டார். மின்னோட்டத்தின் இருமடியை மின்தடையால் பெருக்கினால் வெப்பம். இந்த ஹீட்டர்கள் எல்லாமே அந்த ஒரே விதியில்தான் வேலை செய்கின்றன. உள்ளே போகும் ஒரு யூனிட் மின்சாரம் ஒரு யூனிட் வெப்பமாக வெளியே வருகிறது. கூடவும் கூடாது, குறையவும் குறையாது. ஃபேனைச் சுற்றும் மின்சாரமும், கம்பியின் சிவப்பு வெளிச்சமும்கூடக் கடைசியில் அறைக்குள்ளேயே வெப்பமாகத்தான் முடிகின்றன. ‘100 சதவீதத் திறன்’ என்று பெட்டியில் அச்சிட்டிருந்தால் அது உண்மைதான். பக்கத்தில் இருக்கும் ஆக மலிவான ஹீட்டருக்கும் அதே 100 சதவீதம்தான் என்பதைப் பெட்டி சொல்லாது.

வகைக்கு வகை மாறுவது வெப்பம் எங்கே போகிறது, எவ்வளவு விரைவில் வருகிறது, எவ்வளவு நேரம் தங்குகிறது என்பது மட்டும்தான். அறையைச் சூடாக்குவதா, ஆளைச் சூடாக்குவதா என்று முதலில் முடிவு செய்தால் பாதித் தேர்வு முடிந்துவிடும்.

அப்படியானால் வகைகளுக்குள் என்னதான் வித்தியாசம்?

ஃபேன் ஹீட்டர்: சூடான கம்பியின் மேல் காற்றை ஊதித் தள்ளும். ஒரே நிமிடத்தில் சூடு தெரியும், நிறுத்தினால் அதே வேகத்தில் காணாமல் போகும். சத்தம் போடும். சிறிய அறைக்கு, சிறிது நேரத்துக்கு நல்லது. உள்ளே இருப்பது பெரும்பாலும் நிக்ரோம் கம்பி, அதாவது நிக்கலும் குரோமியமும் கலந்த உலோகம். 1906இல் ஆல்பர்ட் மார்ஷ் இதற்குக் காப்புரிமை பெற்ற பிறகுதான் வீட்டு ஹீட்டரும் டோஸ்டரும் நிலைத்து நின்றன. செக்கச் செவேல் என்று பழுத்தாலும் அதன் மேல் படரும் குரோமிய ஆக்சைடு தோல், கம்பி எரிந்து போகாமல் காக்கிறது.

செராமிக் ஹீட்டர்: இதுவும் ஃபேன் ஹீட்டர்தான், கம்பிக்குப் பதில் செராமிக் வில்லைகள். இவற்றுக்கு ஒரு நல்ல குணம் உண்டு: குறிப்பிட்ட சூட்டைத் தாண்டினால் மின்தடை கிடுகிடுவென்று ஏறி, மின்னோட்டம் தானே குறைந்துவிடும். ஃபேன் நின்றுபோனாலும், முன்னால் ஏதாவது அடைத்துக்கொண்டாலும் கம்பியைப் போலக் கண்மூடித்தனமாகச் சூடேறாது. இதற்குக் கொஞ்சம் கூடுதல் விலை கொடுப்பதில் தவறில்லை. பாதுகாப்புக்காகக் கொடுக்கிறீர்கள், சிக்கனத்துக்காக அல்ல.

ஆயில் ஹீட்டர்: உள்ளே இருக்கும் எண்ணெய் எரிவதில்லை, சூட்டைச் சுமந்துகொண்டு மடிப்பு மடிப்பான இரும்புத் தகடுகளுக்குள் சுற்றி வருகிறது, அவ்வளவுதான். மூடி முத்திரையிட்டது, நிரப்பவோ மாற்றவோ வேண்டாம். சூடேற அரை மணி நேரம் ஆகலாம், நிறுத்திய பின்னும் வெகுநேரம் கதகதவென்று இருக்கும். சத்தமே இல்லை. பல மணி நேரம் ஒரே அறையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இதுதான் பொருத்தம். பத்து நிமிடக் குளிருக்கு இதைப் போடுவது வீண், சூடேறி முடிப்பதற்குள் நீங்கள் எழுந்து போயிருப்பீர்கள்.

கன்வெக்டர்: ஃபேன் இல்லாமல், சூடான காற்று தானாக மேலே எழுவதை நம்பி ஓடுவது. கூரை உயரமான அறையில் சூடெல்லாம் மேலே போய்த் தங்கிவிடும். சீலிங் ஃபேனை ஆக மெதுவாகச் சுழலவிட்டால் கொஞ்சம் கீழே இறங்கும்.

ஹாலஜன், குவார்ட்ஸ் ஹீட்டர்: வெயிலில் நிற்கும்போது காற்று குளிர்ந்திருந்தாலும் முகம் சுடுகிறதல்லவா, இவை அந்த வகை. அகச்சிவப்புக் கதிர்கள் காற்றைக் கடந்து நேராக உடம்பில் பட்டுச் சூடாக்கும். கதவு திறந்தே கிடக்கும் இடம், பட்டறை, பெரிய கூடம் ஆகியவற்றில் வேறெந்த வகையும் இதற்கு ஈடாகாது. முதுகு குளிரும், முகம் சுடும் என்பது இதன் குறை.

400 வாட் சின்ன ஹீட்டர், சாக்கெட்டில் நேராகச் செருகலாம், வீடு முழுக்கச் சூடாகும் என்று விளம்பரம் வருகிறதே?

400 வாட்டிலிருந்து 400 வாட் வெப்பம்தான் வரும். சும்மா உட்கார்ந்திருக்கும் ஓர் ஆளின் உடம்பே ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. ஆக, அந்தச் சின்னப் பெட்டி வீட்டுக்கு நான்கு விருந்தாளிகள் வந்ததற்குச் சமம். மேசைக்கு அடியில் விறைத்த விரல்களுக்கு அது உதவும். வீட்டுக்கு உதவாது.

வாட்டுக்குப் பதிலாக ‘5,000 பிடியு’ (BTU, வெப்பத்தை அளக்கும் இன்னோர் அலகு) என்று பெரிய எண் போட்டிருந்தாலும் மலைக்க வேண்டாம். 3.41ஆல் வகுத்துப் பாருங்கள், சாதாரண 1500 வாட் ஹீட்டர்தான் வேறு பெயரில் வந்திருக்கிறது.

என் அறைக்கு எத்தனை வாட் வேண்டும்?

சதுர மீட்டருக்கு 100 வாட், அதாவது சதுர அடிக்குச் சுமார் 10 வாட் என்பது பழகிப்போன கணக்கு. அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் உங்கள் அறைக்கு ஏற்பக் கூட்டிக் குறைக்கலாம்.

4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் உள்ள ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். அதில் இருக்கும் காற்றின் எடை சுமார் 43 கிலோ. அதை 10 டிகிரி உயர்த்தத் தேவைப்படுவது 0.12 யூனிட் மட்டுமே. 2000 வாட் ஹீட்டருக்கு அது 4 நிமிட வேலைகூட இல்லை. பிறகு ஏன் மணிக்கணக்கில் ஓட வேண்டியிருக்கிறது? சுவர்தான் காரணம். 9 அங்குலச் செங்கல் சுவர், 4 மீட்டருக்கு 3 மீட்டர் என்றால் ஏறத்தாழ 5 டன் எடை. அந்த ஒரே சுவரை முழுக்க ஒரே ஒரு டிகிரி சூடாக்க ஒரு யூனிட்டுக்கு மேல் ஆகும். குளிர்ந்து கிடந்த அறையில் ஹீட்டரைப் போட்டதும் காற்று சூடானாலும் உடம்பு நடுங்குகிறதென்றால், சில்லிட்ட சுவர்கள் உங்கள் உடம்புச் சூட்டை வாங்கிக்கொண்டிருக்கின்றன.

இதற்கு மேல் கசிவு. வெளியே உள்ளதைவிட உள்ளே 10 டிகிரி கூடுதலாக வைத்திருப்பதாகக் கொள்ளுங்கள். மேற்சொன்ன அறையில் இரண்டு வெளிச்சுவர்கள் வழியாகச் சுமார் 380 வாட், காப்பு ஏதுமில்லாத கான்கிரீட் கூரை வழியாகச் சுமார் 360 வாட், 2 சதுர மீட்டர் ஒற்றைக் கண்ணாடி ஜன்னல் வழியாகச் சுமார் 110 வாட் வெளியேறும். மணிக்கு ஒரு தடவை அறைக் காற்று முழுவதும் மாறினால் இன்னொரு 120 வாட். கூட்டினால் 1000 வாட்டைத் தொடுகிறது. அந்தச் சூட்டை அப்படியே நிலைநிறுத்த 1000 வாட் இடைவிடாமல் தேவை. முதலில் சூடேற்ற அதற்கு மேலும் வேண்டும். ஆகவே 1500 வாட் சரியான தேர்வு. மேலே இன்னொரு மாடி இருந்து, பக்கத்து அறைகளிலும் ஆட்கள் இருந்தால் 800 வாட்டே போதலாம். மொட்டைமாடிக்குக் கீழே உள்ள அறைக்கு 2000 வாட்டும் திணறலாம்.

குறைந்த வாட்டில் வைத்து நாள் முழுவதும் ஓடவிடுவது லாபம் என்கிறார்களே?

ஓட்டைப் பானையில் நாள் முழுக்கத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பதற்கும், குடிக்கும் நேரத்தில் மட்டும் ஊற்றுவதற்கும் உள்ள வேறுபாடுதான். அறை எத்தனை மணி நேரம் சூடாக இருக்கிறதோ அத்தனை மணி நேரமும் வெளியே கசிகிறது. ஆளில்லாத நேரத்தில் நிறுத்திவிட்டு, வருவதற்குச் சற்று முன் போடுவதே எப்போதும் குறைவான யூனிட்டில் முடியும். மறுபடி சூடேற்றச் செலவாகும் மின்சாரம், இடைப்பட்ட நேரத்தில் கசியாமல் மிஞ்சியதைத் தாண்டாது.

கசிவு, உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தைப் பொறுத்தது. வெளியே 8 டிகிரி. உள்ளே 20க்குப் பதில் 18 போதும் என்று வைத்தால் வித்தியாசம் 12இலிருந்து 10ஆகக் குறைகிறது. ஆறில் ஒரு பங்கு செலவு மிச்சம். குளிர்காலத்தில் வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி இருக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. முதியவர்களும் கைக்குழந்தைகளும் இருக்கும் வீட்டில் சிக்கனத்துக்காக அதற்குக் கீழே இறங்க வேண்டாம்.

வீடு முழுக்கச் சூடாக்கும் ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. தனி ஹீட்டர் மலிவாக முடியுமா?

சில வீடுகளில் முடியும். எரிவாயுவின் ஒரு யூனிட் வெப்பம் மின்சார யூனிட்டில் நான்கில் ஒரு பங்கு விலைக்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்த வீட்டுக்கும் ஆகும் வெப்பத்தில் கால் பங்குக்கும் குறைவாக ஓர் அறைக்குப் போதுமென்றால் தனி ஹீட்டர் வெல்லும். ஆறு அறை வீட்டில் ஒருவர் மட்டும் ஒரே அறையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறார் என்றால் லாபம்தான். இரண்டு அறைகளில் இரண்டு ஹீட்டர் என்று ஆகிவிட்டால் அந்தக் கணக்கு உடைந்துவிடும்.

வீட்டில் உள்ள ஏசி சூடான காற்றையும் தரும் வகையா என்று முதலில் பாருங்கள். இருந்தால் ஹீட்டர் வாங்குவதையே தள்ளிப்போடலாம். ஏசி வெப்பத்தை உண்டாக்குவதில்லை. வெளிக்காற்றில் இருப்பதை உள்ளே இறைத்துத் தருகிறது. அதனால் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று, சில சமயம் நான்கு யூனிட் வெப்பம்கூடக் கிடைக்கும். வெளியே கடுங்குளிர் என்றால் இந்தப் பெருக்கம் குறையும், ஆனாலும் சாதாரண ஹீட்டரைவிட மேல். ஹீட்டர்களில் சிக்கனமானது எது என்று தேடி அலைபவர்களுக்கு நேர்மையான பதில் இதுதான்.

ஆளை மட்டும் சூடாக்கினால் போதாதா?

போதும். தனியாக உட்கார்ந்திருப்பவருக்கும் படுத்திருப்பவருக்கும் இதைவிட மலிவான வழி கிடையாது. மின்போர்வை 100 வாட் அளவில்தான் இழுக்கும். 8 மணி நேரம் விடாமல் போட்டாலும் 0.8 யூனிட், 2000 வாட் ஹீட்டர் அதை 24 நிமிடத்தில் தின்றுவிடும். படுக்கப்போவதற்கு அரை மணி முன்னால் போட்டு, படுத்ததும் அணைத்துவிட்டால் 0.05 யூனிட்டோடு முடிந்தது. கைக்குழந்தைகளுக்கும், சூட்டை உணர்ந்து விலக இயலாத நோயாளிகளுக்கும் மட்டும் இது வேண்டாம்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகலாமா?

கூடாது. 230 வோல்ட்டில் 2000 வாட் என்றால் 8.7 ஆம்ப் மின்னோட்டம். 6 ஆம்ப் என்று பொறித்திருக்கும் பாக்ஸ் தாங்குவது 1380 வாட்தான். 120 வோல்ட் வழங்கும் நாடுகளிலோ 1500 வாட் ஹீட்டரே 12.5 ஆம்ப் இழுக்கும்.

பாக்ஸ் தாங்கும் என்றாலும் தொல்லை இருக்கிறது. பழைய பாக்ஸின் உள்ளே பித்தளைத் தகடு தளர்ந்து, பிளக்கின் முள்ளைச் சரியாகக் கவ்வாமல் 0.1 ஓம் தடை உருவாகிவிட்டது என்று கொள்ளுங்கள். 8.7 ஆம்ப் ஓடும்போது அந்தக் கடுகளவு இடத்தில் 7 வாட்டுக்கு மேல் வெப்பம் பிறக்கும். பிளாஸ்டிக் முதலில் மஞ்சளாகும், பிறகு பழுப்பாகும், பிறகு மீன் வாடை போல ஒரு நாற்றம் வரும். அந்த நாற்றம் வந்தால் மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

சுவர் சாக்கெட்டிலும் இதே தளர்ச்சி வரலாம். அரை மணி நேரம் ஓட்டிய பிறகு ஹீட்டரை அணைத்து, பிளக்கை உருவித் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் சாக்கெட்டை மாற்றாமல் ஹீட்டரைப் போடாதீர்கள்.

இரவு முழுவதும் போட்டுவிட்டுத் தூங்கலாமா?

தவிர்ப்பதே நல்லது. தூக்கத்தில் போர்வை சரிந்து ஹீட்டர் மேல் விழுவதை யாரும் பார்த்துக்கொண்டிருக்கப் போவதில்லை. படுக்கும் முன் அறையைச் சூடாக்கிவிட்டு அணையுங்கள். உடல்நிலை காரணமாக ஓடியே தீர வேண்டும் என்றால் தெர்மோஸ்டாட் உள்ள ஆயில் ஹீட்டரைத் தேர்ந்தெடுத்து, கட்டில், திரைச்சீலை, துணிமணி எல்லாவற்றிலிருந்தும் குறைந்தது ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள். சாய்ந்தால் தானே அணையும் வசதியும், அளவுக்கு மீறிச் சூடேறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் வசதியும் இல்லாத ஹீட்டரை எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

ஈரத்துணியை அதன் மேல் காயப்போடுவது, தொலைவிலிருந்து செல்பேசியில் தட்டி ஆளில்லாத வீட்டில் ஹீட்டரைப் போடுவது, குளியலறைக்குத் தூக்கிக்கொண்டு போவது மூன்றும் வேண்டாம். குளியலறைக்கென்றே சுவரில் பொருத்தும் ஹீட்டர்கள் தனியாக இருக்கின்றன.

ஹீட்டர் ஆக்சிஜனை எரித்துவிடுமா? தொண்டை வறள்கிறதே?

மின்சார ஹீட்டரில் எதுவும் எரிவதில்லை. ஆக்சிஜன் குறையாது, கார்பன் மோனாக்சைடும் வராது. கரி, மண்ணெண்ணெய், எரிவாயு கொண்டு கணப்பு மூட்டி மூடிய அறையில் உயிரிழந்தவர்களைப் பற்றிய செய்திகளால் வந்த பயம் இது. அந்த பயம் அவற்றைப் பொறுத்தவரை முற்றிலும் நியாயமானது.

வறட்சிக்குக் காரணம் வேறு. ஹீட்டர் காற்றிலுள்ள ஈரத்தை எடுப்பதில்லை. சூடான காற்றுக்கு ஈரத்தை ஏந்தும் திறன் அதிகம் என்பதால் ஒப்பு ஈரப்பதம் இறங்குகிறது. 10 டிகிரியில் 80 சதவீதமாக இருந்த ஈரப்பதம், அதே காற்று 20 டிகிரிக்குச் சூடேறும்போது 42 சதவீதம் அளவுக்கு வந்துவிடும். ஃபேன் ஹீட்டர் முகத்துக்கு நேராக ஊதினால் வறட்சி இன்னும் தெரியும். திசையைத் திருப்பி வையுங்கள்.

இன்வெர்ட்டரில் ஓடுமா?

ஓடாது. 12 வோல்ட், 150 ஆம்ப்-ஹவர் பேட்டரியில் மொத்தமாக இருப்பதே 1.8 யூனிட். அதை ஹீட்டருக்குக் கொடுத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்திருப்பீர்கள், அதற்கு முன்பே இன்வெர்ட்டர் மூச்சு முட்டி நின்றுவிடும்.

பெட்டியில் போட்டிருக்கும் வாட் உண்மைதானா என்று எப்படிச் சோதிப்பது?

வீட்டு மின்மீட்டரைப் பாருங்கள். பெரும்பாலான டிஜிட்டல் மீட்டர்களில் ஒரு சிறிய சிவப்பு விளக்கு கண் சிமிட்டிக்கொண்டிருக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்பதும் பக்கத்திலேயே அச்சாகியிருக்கும். 3200 என்று இருந்தால், 2000 வாட்டுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 107 சிமிட்டல் வர வேண்டும். மற்றவற்றை அணைத்துவிட்டு ஹீட்டரை மட்டும் ஓட்டி எண்ணுங்கள். நொடிக்கு இரண்டைத் தொடும் வேகம் என்பதால் கண்ணால் எண்ணுவது கடினம், செல்பேசியில் வீடியோ எடுத்து மெதுவாக ஓட்டிப் பாருங்கள். எண்ணிக்கையை 60ஆல் பெருக்கி 3200ஆல் வகுத்தால் கிலோவாட் வரும். மின்னழுத்தம் குறைவாக உள்ள நேரத்தில் கணக்கு சற்றுக் குறைந்தே வரும், அது ஹீட்டரின் குற்றம் அல்ல.

பருவத்தில் முதல் தடவை போடும்போது தீய்ந்த வாடை வருகிறது. பயப்பட வேண்டுமா?

மாதக்கணக்கில் கம்பியில் படிந்த தூசி கருகுவதால் வருவது அது. ஜன்னலைத் திறந்துவைத்துச் சிறிது நேரம் ஓட்டினால் போய்விடும். எடுத்து வைப்பதற்கு முன்பும், மறுபடி எடுக்கும்போதும் பிளக்கைக் கழற்றிய நிலையில் தூரிகையாலோ வாக்குவம் கிளீனராலோ தூசியை நீக்குங்கள். ஈரத்துணி உள்ளே போகக் கூடாது. வாடை ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் போகவில்லை என்றாலோ, அதில் ரப்பர் கருகும் நெடி இருந்தாலோ, ஹீட்டரை நிறுத்தி ஒயரின் முழு நீளத்தையும் பார்வையிடுங்கள். குறிப்பாக, ஒயர் ஹீட்டருக்குள் நுழையும் இடத்தைப் பாருங்கள். தூக்கித் தூக்கி வைக்கும்போது அங்கேதான் மடிந்து முறியும்.